பேர் போட்ட கிளவுஸ்

"எல்லோரும் உங்கள் கைகளைக் காட்டுங்கள்" என்றது கார்மெனின் கைப்பேசி, செய்தி வாசிக்கிற பெண்ணின் தமிழில்.

தொட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் வாழைச் சீப்புகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள். எல்லார் கையிலும் முழங்கை வரைக்கும் நீல ரப்பர் கிளவுஸ். பாக்கெட்டில் மடங்கிக் கிடந்த கோடுகூட இன்னும் மறையவில்லை.

சூப்பர்வைசர் வேல்பாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சின்னமனூர் தாண்டி இருக்கிற அந்தப் பேக்கிங் ஷெட்டிலிருந்து பழம் கப்பலேறுமா ஏறாதா என்பது இந்தக் கார்மென் அம்மாவின் வாயில் இருந்தது. வாங்குகிற கம்பெனி ஈக்வடாரிலிருந்து அனுப்பியிருந்த ஆள். கிளவுஸ் இல்லாத ஷெட்டில் அவர்கள் பழம் எடுக்க மாட்டார்களாம்.

அதனால் முதலாளி காலையில் ஆபீஸ் பீரோவைத் திறந்து கிளவுஸை எடுத்துக் கொடுத்திருந்தார். சாயந்தரம் ஒன்று விடாமல் வாங்கி, துடைத்து, பழைய மடிப்பிலேயே மடித்துப் பாக்கெட்டில் போட்டுத் திரும்ப வைப்பது வேல்பாண்டி பொறுப்பு. போன தடவை வேறொரு கம்பெனி ஆள் வந்தபோதும் இதே கிளவுஸ்தான்.

மற்ற நாளெல்லாம் வெறுங்கைதான். படிகாரமும் மருந்தும் கலந்த தண்ணீரும் வாழைப்பாலும் சேர்ந்து தோலை உரித்துவிடும்.

அவனுடைய சொந்த அக்கா முனீஸ்வரியும் அந்தத் தொட்டியில்தான் நின்றாள். அவள் முதலாளியிடம் நடையாய் நடந்துதான் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. வீட்டில் இப்போதெல்லாம் அவள் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறாள். குழம்பு பட்டால் கை எரிகிறது.

கார்மென் அவன் பயந்த மாதிரி ஆள் இல்லை. குட்டையாக, பூசினாற்போல், ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற அத்தை மாதிரி இருந்தார்.

தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டு கைப்பேசியிடம் தன் மொழியில் பேச ஆரம்பித்தார்; அது தமிழில் சொன்னது. அவர் நாடு சின்ன நாடு. ஒரு காலத்தில் அங்கே கோகோ விளைந்தது. நோய் விழுந்து கோகோ போனது, பிறகு வாழை வந்தது. மலையிலிருந்த சனமெல்லாம் பிழைப்புக்காகக் கடலோரம் இறங்கியது. அவருடைய பாட்டி, அம்மா, அவர், எல்லாருமே வாழைத் தொட்டியில் நின்றவர்கள்.

நெல் விதைப்பதை விட்டு வாழைக்கு மாறிய இந்தப் பள்ளத்தாக்கில் இது யாருக்கும் புதுக்கதை இல்லை.

அவர்கள் ஊரில் காலைச் சாப்பாடே வாழைக்காய்தான் என்று கைப்பேசி சொன்னது. வேகவைத்து, மசித்து, உருண்டை பிடித்து.

"காலங்காத்தாலயே வாழைக்காயா? வாயு புடிக்காதாக்கும்?" என்றாள் தொட்டியில் நின்ற பாண்டீஸ்வரி. கைப்பேசி அதை எப்படி மொழிபெயர்த்ததோ, கார்மென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்து, அட்டைப்பெட்டியில் எழுதுகிற மார்க்கரை எடுத்தார். பாண்டீஸ்வரியின் பேரைக் கேட்டு அவள் கிளவுஸின் புறங்கைப் பக்கம் எழுதினார். அடுத்து பக்கத்தில் நின்றவள். அதற்கடுத்து இன்னொருத்தி.

பாசக்கார அம்மா என்று நினைத்துக்கொண்டு வேல்பாண்டியே முன்னால் போய் ஒவ்வொருத்தி பேராகச் சொன்னான்.

முனீஸ்வரியிடம் வந்ததும் கார்மென் மார்க்கரை அவனிடம் நீட்டினார். அவன் அக்காவின் கையைப் பிடித்துத் தமிழிலேயே எழுதினான். லேசாகத்தான் பிடித்தான். அதற்கே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கார்மென் அதைப் பார்த்தார். கைப்பேசியை வாயோடு ஒட்டி வைத்து மெதுவாக ஏதோ சொன்னார்.

கைப்பேசிக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை. ஷெட் முழுக்கக் கேட்டது.

"எங்கள் ஊரிலும் விருந்தாளி வரும் நாளில் மட்டும் கொடுப்பார்கள். மாலையில் திரும்ப வாங்கிவிடுவார்கள். பெயர் எழுதிவிட்டால் திரும்பப் பாக்கெட்டில் வைக்க முடியாது."

யாரும் வேல்பாண்டியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பழம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு கார்மென் கிளம்பினார். பேர் எழுதியது தெரியாத முதலாளி ஆபீஸிலிருந்து வந்து, தானே காரில் மதுரை வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார். "கிளவுஸ எடுத்து வச்சிருய்யா, வந்து பாக்குறேன்" என்றார் போகிறபோது.

வேல்பாண்டி ஷெட்டுக்குப் பின்னால் போய் வாய்க்கால் கரையில் நின்றான். முதலாளியிடம் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பேர் எழுதிட்டாக மொதலாளி, இனிமே பாக்கெட்டுல வைக்க முடியாது. அவுகவுக கையிலயே இருக்கட்டும்.

இத்தனை நாள் வராத பேச்சு இப்போது தடங்கலில்லாமல் வந்தது. தைரியம் இல்லாதவனுக்கு அந்த அம்மா ஒரு சாக்கையாவது கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா இன்றைக்கு ராத்திரி கிளவுஸை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது ஷெட்டில் டீசல் வாடை அடித்தது.

மேசைமேல் கிளவுஸெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கியிருந்தது. ஒன்றிலும் பேர் இல்லை. மற்றவர்கள் டிபன் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரி மட்டும் ஜெனரேட்டர் டீசலில் துணியை நனைத்து, அவன் கையால் எழுதிய கடைசிப் பேரை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெறுங்கையால்.

"ஏலே வேலு, அழிஞ்சிருச்சு பாரு. மொதலாளி பார்த்தாகன்னா ஒன்னயத்தான ஏசுவாக" என்று சொல்லி, உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டாள்.



அக்காவின் கையைப் பார்க்காமல் கிளவுஸை மட்டும் வாங்கினான். பாக்கெட்டில் போட்டு, பீரோவில் அடுக்கி, எண்ணிப் பார்த்தான்.

ஒன்றும் குறையவில்லை.