எழுத மாட்டேன், போ

"முடியாது. எழுத மாட்டேன். எந்திரிச்சுப் போ."

பேச்சியம்மாள் அக்கி எழுதுற காவிக்கல்லை மூடி வச்சுட்டாங்க. வசந்தனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பொந்தியான்லேருந்து பெக்கான் நானாஸ் வரைக்கும் பொண்டாட்டி ரூபினி கார் ஓட்ட, பக்கத்துல முனகிக்கிட்டே வந்த மனுஷன்.

நெத்தியில அக்கி. கொப்புளம் கண் இமை வரைக்கும் எறங்கிருச்சு. ஆளு ஃபேக்டரி பஸ் டிரைவர். கண்ணு போனா லைசன்ஸ் போச்சு, லைசன்ஸ் போனா சோறு போச்சு.

"அக்கி எழுதத்தானே ஒக்காந்திருக்கீங்க? அப்புறம் என்னக்கா?"

"என்னிக்கு வந்துச்சு?"

"புதன்கிழமை," ன்னா ரூபினி. "நல்ல நாளாச்சேன்னு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தோம்."

"கொப்புளம் காத்திருந்துச்சா? கிளினிக்குக்குப் போ தம்பி. மாத்திரைய முழுங்கிட்டு வா. அப்புறம் எழுதுறேன்."

"அக்கி எழுதுனா மாத்திரை தொடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்லா."

"ஒங்கம்மா டாக்டரா?"

வசந்தன் ஒத்தக் கண்ணால மொறைச்சான்.

"புரியுது, புரியுது. ஆளு அனுப்புனா கிளினிக்காரன் கோப்பிக் காசு தர்றான். தலைக்கு எவ்ளோ?"

"நெறைய. அடுத்த மாசம் பங்களா வாங்குறேன், பால் காய்ச்ச வந்துரு. இப்பக் கெளம்பு, அஞ்சு மணிக்கு மூடிருவான்."

திட்டிக்கிட்டே போனான். டாக்டர் பாத்ததும் மொத மாத்திரைய அங்கேயே முழுங்க வச்சாரு.

"இது வைரஸ். மூணு நாளுக்குள்ள மருந்து உள்ள போகணும். நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்க."

"அது சரி டாக்டர், அந்தம்மாவுக்கு எவ்ளோ தர்றீங்க?"

"எந்தம்மா?"

வசந்தன் மாத்திரைப் பொட்டலத்த எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, எழுதாம வர மாட்டேன்னு ஒரே அடம்; ரூபினி காரை மறுபடி பேச்சியம்மாள்கிட்டயே திருப்புனா. பேச்சியம்மாள் கல்ல ஒரசி, கோழி இறகுல தொட்டு, அவன் கையில அக்கிய வெரட்டுற சிங்கம் ஒண்ணு போட்டாங்க.

"அக்கி நெத்தியிலக்கா!"

"தெரியும். கண்ணுகிட்ட மண்ணு போகக்கூடாது."

"மாத்திரைதான் கேக்கும்னு ஒங்களுக்கே தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குக்கா இந்த வேஷம்?"

பேச்சியம்மாள் இறகைக் கழுவுனாங்க.

"எம்மவனுக்கு நானேதான் எழுதுனேன். நெத்தி பூரா. மாத்திரையத் தொடவே வுடல. வலது கண்ணு போச்சு."

ரூபினி கார் சாவிய எடுத்துக்கிட்டே கேட்டா.

"அப்பவே இத வுட்டுருக்கலாமேக்கா?"

"வுட்டுருந்தா இன்னிக்கு நீங்க எங்க போயிருப்பீங்க? எழுதுற இன்னொருத்திகிட்ட. அவ கிளினிக்குக்கு வெரட்ட மாட்டாம்மா."