அம்மாவின் ஓவர்டைம்

"மிஸ் நாலரைக்கே போயிட்டாங்களே."

அம்மா வேலை செய்யும் கிளினிக்கின் காவலாளி சொன்னதும் தினுஷா போனை வைத்துவிட்டாள். மணி ஆறு. ஓவர்டைம் என்று சொல்லித்தான் மூன்று வாரமாக அம்மா ஏழரைக்கு வீட்டுக்கு வருகிறாள்.

பின்லாந்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்து, விசாவும் வந்தாயிற்று. பயணத்துக்கு இன்னும் பதினாறே நாள். கட்டுகஸ்தோட்டை வீட்டில் அவள் தனியே உட்கார்ந்து பெட்டி அடுக்குகிறாள். குளிருக்குக் கையுறை வாங்கக் கண்டிக்குப் போனதும் தனியேதான். புறப்படும் மாணவர்களுக்கு நடந்த வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் வெறும் கதிரை.

அப்பா சுவக்கின் இறந்து மூன்று வருடம். அதன்பிறகு அவளுக்கு அம்மா டொரதி, டொரதிக்கு அவள், அவ்வளவுதான் உலகம். விசா வரும்வரை ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்குள் நுழைந்து, "மகள், தேத்தண்ணி போடு, கதைப்போம்" என்று சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்துவிடுகிற அம்மா அவள்.

அன்றும் ஏழரைக்குத்தான் வந்தாள். குடையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"சாப்டியா?"

"பாணும் பருப்பும். தனியா. வேலை கூடவா அம்மா?"

"பைலெல்லாம் தேங்கிப் போச்சு. பெட்டிய நிறுத்துப் பாத்தியா?"

பொய் சொல்லும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரம் என்கூட உக்காருங்களேன்."

"தல வலிக்குது மகள்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. தினுஷா பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் எப்போது தொலைவேன் என்று காத்திருக்கிறாளோ?

மறுநாள் காலை பக்கத்து வீட்டு பிரேமிளா அன்டி மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள்.

"பிள்ள, அம்மா யாரோடயாவது பழகுறாங்களா?"

"ஏன் அன்டி?"

"நான் தப்பா சொல்லல்ல. நாலஞ்சு நாளா கண்டி வாவிக் கரையில பாக்குறேன். பெஞ்சில உக்காந்துகிட்டு போன்ல ஒரே சிரிப்பு. என்னைக் கண்டதும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. நாப்பத்தெட்டு என்ன பெரிய வயசா? நீயும் போயிட்டா அவங்களுக்கும் ஒரு துணை வேணுந்தானே."

தினுஷா மதிலை விட்டு விலகி உள்ளே வந்தாள்.

துணை வேண்டுமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். வேண்டாமென்றா சொல்லப் போகிறேன்? என்னை அனுப்பிவைக்கும் வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா? பதினைந்து நாள்.

அன்று பின்னேரம் நாலே காலுக்கே கிளினிக்குக்கு எதிரே போய் நின்றுகொண்டாள்.

நாலரைக்கு டொரதி வெளியே வந்தாள். பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பாமல் வாவியை நோக்கி நடந்தாள். தினுஷா பின்னாலேயே போனாள். கடலை விற்பவர்களைத் தாண்டி, கூட்டம் குறைந்த பக்கத்தில் ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

தினுஷா ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கினாள். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. குரல் நன்றாகவே கேட்டது.

"ஹலோ... ஆ, இப்பதான் வேல முடிஞ்சு வந்தேன்."

சிரிப்பு.

"நானா? தனியாவா? நல்ல கத. எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாச் சாப்பிடுறேன், நல்லாத் தூங்குறேன். சந்தோசமா இருக்கேன்."

மறுபடி சிரிப்பு. இந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வாரமாகிறது. வீட்டில் தலைவலி, இங்கே சந்தோசம்.

முன்னால் போய் நின்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் சும்மா திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. போனை எடுத்து அம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். பிஸியாகத்தான் இருக்கும். இருக்கட்டும். தான் கூப்பிட்ட நேரத்தில் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தாள் என்பதை அம்மா பிறகாவது யோசிக்கட்டும்.

பிஸியாக இருக்கவில்லை.

அம்மா காதோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்த அந்தப் போனே பெரிய சத்தத்தில் அடிக்கத் தொடங்கியது.

டொரதி திடுக்கிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தன.

போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. தினுஷா அதை நிறுத்தினாள். பெஞ்சுக்குக் கிட்டே வந்தாள்.

"யாரோடம்மா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

டொரதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சிரிக்கப் பார்த்தாள்.

"உன்னோடதான் மகள். அங்க போனதும் நீ போன்ல கோல் எடுப்பதானே, அதுக்குப் பேசிப் பழகுறேன். வீட்டுல பேசினா உனக்குக் கேட்டுரும்."

குனிந்து மடியிலிருந்த போனைப் பார்த்தாள்.

"மூணு வாரமாச்சு. இன்னும் ஒரு தடவகூட அழாம முடிக்க வரல்ல."