பதினேழாம் பக்கத்தின் முகம்

அறையில் இருப்பவர்கள்: இரவு வேலை முடித்து வந்த நான், ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்த ஷியாம், கட்டில்மேல் நாற்பது தாள்களில் பதினான்கு வயது நான்.

என் பள்ளிக்கூடக் காலத்தைச் சித்திரக்கதையாக வரைந்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் ஷியாமுக்குக் காட்டுகிறேன். மாத்தளை வெயில் காலையிலேயே தாள்களின்மேல் ஏறிவிட்டது. கீழே கண்டி பஸ்காரன் கத்துகிறான். பதினேழாம் பக்கத்தில் ஷியாமின் விரல் நிற்கிறது. காலில் போட்டிருந்த அழுக்குச் சப்பாத்தில் சோக்குக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கிய பையன், பிடிபட்டு, அந்தச் சப்பாத்துகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முற்றத்தில் முழங்காலில் நிற்கிறான். பையனுக்கு என் முகம்.

“மச்சான், இது நான்தானே?”

“கதைக்கு அப்பிடித்தான் எடுப்பா இருந்துச்சு.”

“சரி, வகுப்பு சேர்கிட்ட கோள் சொன்ன நாய எங்க காணோம்?” சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டுகிறான். பின்பக்கம் வெறுமை. கோள் சொன்னவன் நான், அவனுக்கும் தெரியும். “அடி வாங்குனது நான். அதையுமா நீ எடுத்துக்கிட்ட? என் மூஞ்சிய எனக்கே போடு. ஒன் மூஞ்சிய அந்த நாய்க்குப் போடு. இல்லாட்டி அச்சடிக்காத.”

ஷியாம் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறான். வாசலைத் தாண்டும்போது பிடரி வியர்த்துக் குனிந்திருக்கிறது. கடைசிச் சித்திரக் கட்டத்துக்கு இந்தப் பிடரி நன்றாயிருக்கும் என்று என் கை பென்சிலை எடுக்கிறது. வரைந்து முடிக்கும்வரை அவன் திரும்பி வந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திப் பூட்டுகிறேன்.