அடுத்த சனிக்கிழமை வா

சாம்பல் நிறக் கோட்டுக்காரி மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முன்னால் நிற்கும் இளம்பெண்ணின் மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று மேவிஸ் முடிவு கட்டிவிட்டாள். தனக்கு வாய்த்த மாமியாரும் இப்படித்தான். மருமகள் வாய்விட்டுச் சிரித்தால் போதும், உடனே மணி பார்ப்பாள்.

சந்தை நாளில் அந்தப் பழைய தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது மேவிஸின் வேலை. சம்பளம் கிடையாது. கணவர் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இன்றைக்கு நல்ல மழை. வெளியே பாலாடைக்கட்டிக் கடைக்காரர்கூடக் கித்தானைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது மூன்றே பேர். கார்லி என்ற ஒல்லியான இளம்பெண், அவள் மகள் எல்சி, அப்புறம் கடைசி பெஞ்சில் அந்தக் கோட்டுக்காரி.

"அம்மா, இந்தக் கல்லு மாமா ஏன் நாய் மேல காலை வெச்சுட்டுத் தூங்கறாரு?" கல்லறை மேல் படுத்திருந்த போர்வீரன் சிலையைக் காட்டிக் கேட்டாள் எல்சி.

"கால் குளிர்ந்திருக்கும். போர்வை பத்தல போல" என்றாள் கார்லி. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் வயசுல நானும் இந்த நாய் மூக்கைத் தடவியிருக்கேன். நீயும் தடவு. நல்லா ஞாபகம் வெச்சுக்கோ, என்ன?" என்று கார்லி குழந்தையின் கையைப் பிடித்து அந்த மூக்கில் வைத்தாள்.

மேவிஸுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துவிட்டது. சுவர் ஓவியத்தில் பிசாசு ஒருத்தியை இழுத்துப் போவதைக் காட்டினாள். "இவ பீர்ல தண்ணி கலந்து வித்தவ. அதான் நரகத்துக்குக் கொண்டுபோறான்."

"அதுக்கே இவ்வளவு தண்டனையா?" என்றாள் கார்லி. அவள் சிரிக்கவில்லை. "வேற கதை இருக்கா? எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

எல்சியின் சிவப்புக் கோட்டை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "புதுசா இது? உனக்கு ரொம்ப அழகா இருக்குடா."

பின்னால் கோட்டுக்காரி இருமினாள். மேவிஸ் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

மெழுகுவத்தி மேடைக்கு வந்ததும் கார்லி நின்றாள். பையில் இருந்த சில்லறையை எல்லாம் உண்டியலில் கொட்டினாள். "எல்சி, உன் பிறந்தநாளுக்கு ஏத்தலாமா?"

"எனக்கு இப்பதான் ஆறு முடிஞ்சுதே!"

"அதனால என்ன? இது ஏழு. இது எட்டு. நீ ஏத்து, நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

தீக்குச்சியை மகளின் விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் கார்லி. ஒன்பது, பத்து, பதினொன்று என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் கார்லி குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

"என்னம்மா இது, இப்பவே எதுக்கு எல்லாத்தையும்? அந்தந்த வருஷம் வந்து ஏத்தினா ஆச்சு" என்று மேவிஸ் சிரித்தாள்.

கார்லி அடுத்த மெழுகுவத்தியைக் காட்டினாள். பதினெட்டு வந்ததும் தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

"ஏன், அதோட நிறுத்திட்ட?" என்று கேட்டாள் மேவிஸ்.

"அதுக்கப்புறம் அவளே முடிவு பண்ணிக்கட்டும்."

எல்சி மேவிஸின் கையைப் பிடித்து இழுத்தாள். "மணிக்கூண்டு மேல போலாமா? அம்மா சின்னப் பிள்ளையா இருந்த வீடு தெரியுமாம்!"

"மழையில படி வழுக்கும் கண்ணு. அடுத்த சனிக்கிழமை வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

"இன்னிக்கே முடியாதாங்க?" கார்லியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "ஒரே ஒரு தடவை. நான் தூக்கிக்கறேன், அவ காலைக் கீழயே வைக்க மாட்டா."

"சட்டம்னா சட்டம்தாம்மா. கூண்டு எங்கயும் ஓடிப் போகாது."

கார்லி தலையை ஆட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

எல்லாம் அந்த மணி பார்க்கிறவளால் வந்தது என்று மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறு என்று கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"ஏங்க, பேத்தி கொஞ்ச நேரம் அம்மாகூட சந்தோஷமா இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகுது?"

அவள் நிமிர்ந்தாள். "என் கையில எதுவும் இல்லீங்க" என்றாள்.

"ஆமா, கடிகாரம் மட்டும்தான் இருக்கு!"

கோட்டுக்காரி பெஞ்சிலிருந்து எழுந்தாள். கோட்டு விலகியபோது கழுத்துக் கயிற்றில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. போட்டோவுக்கு மேலே நகராட்சி முத்திரை, கீழே 'குழந்தைகள் நலப் பிரிவு' என்ற எழுத்து. அவள் மெல்ல நடந்துபோய் அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் மண்டியிட்டாள். குழந்தையின் தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றது. மேவிஸ் அப்போதுதான் கவனித்தாள், அவள் கண்களும் சிவந்திருந்தன.

"எல்சி, அம்மாவுக்குக் கடைசியா ஒரு முத்தம் குடுடா... உன்னோட புது அம்மா வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."