பசளைச் சாக்கு

ஸ்டூலில் ஏறி நின்ற நிலோஜன், தகரக் கூரையில் சோலர் தகட்டை மூடிக் கிடந்த பசளைச் சாக்கை ஒரே இழுவையில் இழுத்துக் கீழே போட்டான்.

"சோலரைச் சாக்கு போட்டு மூடிட்டு, லைட் எரியலன்னா எப்படிம்மா?"

கொழும்புத் தமிழ் அவனுக்குச் சுத்தமாக வந்தது. வளவுக்குள் நின்ற நிறுவனப் பணிப்பாளர் சிரித்தார். அவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு, கூட வந்த வெளிநாட்டுக்காரர் இருவரும் சிரித்தார்கள்.

வீட்டுக்காரி இரத்தினம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

சண்டை முடிந்து ஒரு வருசம். முகாமிலிருந்து கரடியனாற்றுக்குத் திரும்பி வந்த சனத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு இனி வேண்டாம் என்று கொடுத்த சோலர் அது. பாவிக்காத வீட்டில் கழற்றி வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதைப் பணிப்பாளருக்கு ஞாபகப்படுத்தியதே நமது பொறியியலாளர் நிலோஜன்தான். தான் எவ்வளவு கண்டிப்பான ஆள் என்று அவருக்குக் காட்ட வேண்டாமா?

பகலில் தகடு மினுங்குகிறது என்று மெல்லச் சொன்னாள் இரத்தினம்மா. மேலே பறக்கிற ஹெலியிலிருந்து பார்த்தால் தெரியும், முதல் அடி தன் வீட்டுக்குத்தான் விழும் என்றாள். சோலரைக் கழற்ற வேண்டாம், வெயில் சாய்ந்து சாக்கை எடுத்த பிறகு ஏறுகிற கொஞ்சச் சார்ஜில்தான் பேத்தி படிக்கிறாள் என்றும் கெஞ்சினாள்.

அதெல்லாம் முடிந்த கதை என்றான் நிலோஜன். பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பி, இந்த ஊர்ச் சனம் இப்படித்தான் சேர், எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஸ்பனரை எடுத்து முதல் நட்டில் வைத்தான்.

அப்போதுதான் வாவிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ அமைச்சர் வருகிறார் போல என்றார் பணிப்பாளர்.

ஸ்டூலில் நின்றவன் எப்போது குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. தெரிய வந்தபோது குப்புறக் கிடந்தான். நெஞ்சு நிலத்தில் முட்டாதபடி முழங்கைகளை ஊன்றியிருந்தான். விரல்கள் காதுக்குள் இருந்தன. அடையாள அட்டையின் நாடா பல்லுக்கிடையில் இறுகியிருந்தது.

சண்டைக் காலத்தில் இந்தப் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே பழக்கிவிட்ட படுக்கை அது. கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வராது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்ததாகத்தான் அவன் நேர்முகத் தேர்வில் சொல்லியிருந்தான். உண்மையில் அவன் பிறந்த வளவு இரத்தினம்மாவின் வீட்டிலிருந்து ஒரு வயல் வட்டை தள்ளி, காடு மண்டிக் கிடந்தது. சுனாமி வந்த வருசம் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனவன், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஹெலி போயிட்டு மனே, எழும்புங்க."

இரத்தினம்மா பக்கத்தில் குந்தியிருந்தாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தூக்கிய கமராவைக் கீழே இறக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது நிலோஜனை. எழும்பி இவர்கள் முகத்தில் விழிப்பதைவிட இப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். கூரையில் தகடு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஹெலி தலைக்கு மேலால் போனபோதும் அவள் அதை மூடவில்லை.

சாக்கை எடுத்து அவன் மேல் போர்த்தியிருந்தாள்.