தானாக நகரும் அம்பு

மத்தியான வெயில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் புகுந்து, அலமாரிச் சட்டங்களில் எல்லாம் மினுமினுக்கிறது. கல்லாவில் ஆளில்லை. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் அம்புக்குறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, சொந்த வீட்டில் உலாத்துவது போல நிதானமாகப் போய்வருகிறது. குடையை மடக்கியபடி உள்ளே வரும் கடைக்காரரின் தங்கை அதைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறாள். கடைக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தவள் அவள். வாடிக்கையாளர் விவரத்தை யாரும் எட்டிப் பார்க்காதபடி, இரண்டு நிமிடம் கை படாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தவளும் அவள்தான். "அண்ணா, எதையும் தொடாத. எவனோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டான்." மூலையில் கண்ணாடி துடைக்கும் அண்ணன் துணியும் கையுமாக உறைந்துபோகிறார். "எந்த வழியா பூந்தான்? நான் இங்கயேதானே நிக்கிறேன்" என்கிறார், வாசலைப் பார்த்தபடி. அவள் பூனை போல அடியெடுத்து வைத்து, ஒயரைப் பிடுங்கக் கை நீட்டுகிறாள். மேஜைமேல் மௌஸும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் இடுப்பில் ஒரு தையல் நூல். நூலின் மறுமுனை, தலையாட்டும் மேஜை விசிறியின் கம்பியில். விசிறி அந்தப் பக்கம் திரும்பினால் மௌஸும் பின்னாலேயே போகிறது. இந்தப் பக்கம் வந்தால், இழுப்பறைப் பிடியில் மாட்டிய ரப்பர் பேண்டு அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உள்ளறையிலிருந்து அண்ணி குரல் கொடுக்கிறாள்: "நூலை அவுத்துடாதம்மா. திரை பூட்டிக்கிட்டா பாஸ்வேர்டு அடிக்கணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் என் கண்ணாடிய நான் எங்க போய்த் தேடுவேன்?" தங்கை விசிறியை முறைக்கிறாள். அது மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திரையில் அம்பும் கூடவே போகிறது.