அணிலுக்குக் கூலி

“ஒரு பதிவுக்கு எவ்வளவுன்னு சொல்லு. நான் பேரம் பேச மாட்டேன்” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

டி.டி.பி. கடைக்காரன் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் மக்கர் பண்ணும்போதெல்லாம் வருகிறவர் இவர். மூன்றாவது மாடியில் இருக்கும் இந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார். போகும்போது கடைக்காரன் தன் விசிட்டிங் கார்டு ஒன்றை அவர் சட்டைப் பையில் திணித்து, “பத்துப் பேருக்குச் சொல்லுங்கண்ணே” என்பான். அவர் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவனும் விடுவதாக இல்லை.

“நாங்க கம்பெனிகளுக்குத்தான் இன்டர்நெட்ல போட பதிவு எழுதித் தர்றோம். செருப்பு கடிக்கல, மிக்ஸி நல்லா அரைக்குது, அந்த மாதிரி. உங்களுக்கு எதுக்குண்ணே?”

மெக்கானிக் டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“என் வீட்டுக்காரிக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சில்ல? உயிர் பொழைச்சா, குரல் போயிடுச்சு. அவளை மாதிரி இருக்கறவங்க பேசிக்க இன்டர்நெட்ல ஒரு குழு இருக்கு. அதுல சேர்ந்து, ‘எனக்கு இப்போது யாரும் போன் செய்வதில்லை’ன்னு ஒரே ஒரு வரி எழுதினா. மூணு நாளா ஒரு பதிலும் இல்ல. போனைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தா. எனக்குப் பார்க்கப் பொறுக்கல.”

“அதனால?”

“நானே ‘அணில்’னு ஒரு பேர் வச்சுக்கிட்டு, எனக்கும் குரல் இல்லைன்னு சொல்லி பதில் போட்டேன். மேலயும் கீழயும் ஓடற பிழைப்புதானே நமக்கு, வேற பேர் தோணல. அவ ஒரு பக்கத்துக்கு எழுதினாப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா.”

“பொய் சொல்லிட்டீங்க.”

“எட்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்.”

தினமும் மதியம், ஏதாவது ஒரு மொட்டை மாடி மோட்டார் ரூமில், மடியில் டிபன் பாக்ஸும் கையில் போனுமாக அவர் அணிலாகிவிடுவார். வீட்டில் அவர் வாயைத் திறப்பதே குறைந்து போயிருந்தது. தான் பேசி அவளால் பதில் பேச முடியாமல் போனால் நொந்துகொள்வாளோ என்று ஒரு பயம். அணிலுக்கு அந்தப் பயம் இல்லை. தான் தனியாகி விடுவோமோ என்று சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்வதைக்கூட அவன் எழுதிவிட்டான்.

“இப்ப என்ன ஆச்சு?”

“கூட இருந்தவன் வேலையை விட்டுட்டான். அவன் ஏரியாவும் என் தலையில. மதியச் சாப்பாடே ஸ்கூட்டர் மேலதான். அஞ்சு நாளா அணில் எழுதல. ‘அணில், உடம்புக்கு என்ன?’ன்னு நேத்து கேட்டிருக்கா. சரியா சாப்பிடவும் இல்ல. திரும்ப பழையபடி ஆயிடுவாளோன்னு இருக்கு.”

“காசுக்கு எழுதறவங்களுக்குப் பாசம் வருமாண்ணே?”

“பாசம் வராது. பதிலாவது வருமில்ல?”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனசு ஒப்பவில்லை. அவள் மனம் விட்டு எழுதுவதை முன்பின் தெரியாத ஒருவர் படிப்பாரே என்று உறுத்தியது. டீ ஆறிப்போனது. கடைசியில், “சரி, ரெண்டு மாசத்துக்கு மட்டும். ஆள் இருக்கா?” என்றார்.

“ஒரு அம்மா இருக்காங்க. வீட்லேர்ந்தே எழுதறாங்க. நேர்ல பார்த்ததில்ல, எல்லாம் மெசேஜ்லதான். மிக்ஸியைப் பத்தி எழுதினாக்கூட படிக்கறவங்களுக்குக் கண் கலங்கும்ணே. பழைய பதிவு நாலஞ்சு கொடுங்க, அதே நடையில எழுதிடுவாங்க.”

மெக்கானிக் போனில் தேடி, அணில் எழுதியவற்றை மட்டும் அனுப்பி வைத்தார். பிறகு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு, “மேல போயிட்டு வரேன்” என்றார்.

“வார்த்தையைப் பார்த்துச் சொல்லக்கூடாதாண்ணே?”

“இருபது வருஷப் பழக்கம். வாசல்ல நின்னு இதைச் சொல்லித்தான் தினம் அவகிட்டத் திட்டு வாங்குவேன். இப்ப திட்ட முடியலையா, தட்டை எடுத்து மேஜையில ஒரு தட்டு தட்டுவா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். படியேறும்போது சிரிப்பு இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு இறங்கி வந்தார். கடைக்காரன் வாசலிலேயே நின்றிருந்தான். அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“அந்தம்மா மாட்டேன்னுட்டாங்கண்ணே.”

“காசு பத்தலையாமா?”

“நீங்களே படிச்சுக்கோங்க” என்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பினான்.

‘ஐயா, வேறு எதைக் கொடுத்தாலும் எழுதுகிறேன். அணிலுக்குப் பதிலாக மட்டும் என்னால் எழுத முடியாது. பதிவை முடிக்கும்போதுகூட “மேல போயிட்டு வரேன்” என்று எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அவர் சட்டையைத் துவைக்கும்போது கிடைத்த கார்டை வைத்துத்தான் உங்களிடம் வேலையே கேட்டேன். குரல் போனது எனக்கு, பேச்சை நிறுத்திக்கொண்டது அவர். அணிலாக வந்தாவது என்னோடு பேசுகிறாரே என்றுதான் எட்டு மாதமாகத் தெரியாதவள்போல் இருந்தேன். கூலி எதுவும் வேண்டாம். மேலே போன என் வீட்டுக்காரரைச் சீக்கிரம் கீழே இறங்கி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.’